கோல் ஊருக்கு, கால் ரம்ஸிக்கு

எகிப்தின் தும்யாத் ஊரில் எந்த முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணாடிக்கு மேலே அந்தப் படம் மாட்டியிருக்கும். நீலச் சட்டை போட்ட ஒருவன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடுகிறான். பின்னால் வலை அதிர்ந்து நிற்கிறது. ரம்ஸி துல்பா, எண்பத்து மூன்றாவது நிமிடம். அந்தக் கோல் விழாமல் போயிருந்தால் மரத்தொழிலாளர் கிளப் அந்த வருடமே முதல் டிவிஷனை விட்டு இறங்கியிருக்கும். இன்றைக்கும் அதைப் பார்த்தால் வயதானவர்களுக்குக் கண் கலங்கும்.

அதே கடையில் எவனாவது பாதி முகச்சவரத்தில் போன் வந்ததென்று எழுந்தால், கடைக்காரர் தோளைப் பிடித்து அழுத்தி என்ன சொல்வார் தெரியுமா? "உக்காருப்பா. பாதியில துல்பா பண்ணாத."

இதுதான் இந்த ஊர். ஆளைச் சுவரில் மாட்டிக் கும்பிடும், பெயரை வாயில் போட்டு மெல்லும். ஆசாரி மேசையைப் பாதியில் விட்டால் துல்பா பண்ணிவிட்டான். மாப்பிள்ளை நிச்சயத்தை முறித்தால் துல்பா பண்ணிவிட்டான். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு போட்டால் அது அசல் துல்பா. பதினேழு வருடமாக இந்த வார்த்தை புழங்குகிறது. அந்தப் படத்தில் ஓடுகிறவனின் வலது முழங்காலை மட்டும் ஒருத்தனும் உற்றுப் பார்த்ததில்லை. கால் போகிற திசைக்கும் முட்டி திரும்பியிருக்கிற திசைக்கும் சம்பந்தமே கிடையாது. பார்க்கக் கண் வேண்டுமே!

நடந்தது இவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் பயிற்சியில் ரம்ஸியின் முழங்காலில் தசைநார் கிழிந்தது. கிளப் டாக்டர் ஸஃப்வத் ஸ்கேன் எடுத்தார், படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், "வெறும் வீக்கம்" என்றார். ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் ஊசியோடு வந்தார். "ஒரே ஒரு ஊசி, ரம்ஸி. ஊரே வெளிய உக்காந்திருக்கு." அப்போது ரம்ஸிக்கு இருபத்தாறு வயது. ஊர் என்றால் உயிர். ஊசி எலும்புவரை இறங்கியபோது கால் துள்ளாமல் இருக்க ஒருவன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கோல்கீப்பர் ஃபிக்ரி, ரம்ஸியின் உயிர் நண்பன்.

எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் பந்தை உதைத்தபோது ரம்ஸிக்கு வலிக்கவே இல்லை. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் மட்டும் கேட்டது. கைகளை விரித்துக்கொண்டு ஓடினான். மருந்தின் வேகம் இறங்கியபிறகு விழுந்தவன்தான். வெளியூரில் இரண்டு அறுவை சிகிச்சை. ஆட்டத்துக்கு முன்பே கிழிந்திருந்தது என்று அங்கேதான் தெரிந்தது. ஐந்து மாதம் கழித்து, இனி ஆட முடியாது என்று கடிதம் கொடுத்தான். மறுநாள் வானொலியில் டாக்டர் ஸஃப்வத் சொன்னார்: "முட்டியில ஒண்ணுமே இல்ல. மனசுலதான் தைரியம் இல்ல." அந்த ஒரு வரி போதும் ஊருக்கு. வளைகுடாவுக்கு ஓடப் பார்க்கிறான் என்றார்கள். பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டான் என்றார்கள். அந்தப் பெண்டாட்டி இனாயத், அன்றைக்கு அவனைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போய்வந்தவள்.

ரம்ஸி பிறகு மரச்சாமான்களுக்கு அரக்குப் பாலிஷ் போடும் வேலைக்குப் போனான். அந்த வேலையைக் குந்தி உட்கார்ந்துதான் செய்வார்கள். இவனுக்கு முட்டி மடங்காது. ஒவ்வொரு நாற்காலியையும் மேசைமேல் தூக்கி வைத்து, நின்றபடி கால்களைத் தேய்ப்பான். பள்ளிவாசலில் கடைசி வரிசையில், எண்பது வயதுக் கிழவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்து தொழுவான். அங்கேயும் ஒரு கிழவர் மெல்லச் சிரிப்பார். "கேப்டன் தொழுகையிலயும் துல்பாவா?" கேப்டனாம் கேப்டன்! ஒருநாள்கூட அவன் அணித்தலைவனாக இருந்ததில்லை. பந்தாடியவன் எல்லாம் இங்கே சாகும்வரை கேப்டன்தான், அதில் கஞ்சத்தனமே கிடையாது.

அந்த அறையில் இருந்த மூன்றாவது ஆள் ஃபிக்ரி. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவான், தாயக்கட்டை உருட்டுவான், இனாயத் சமைத்த வெங்காயம் அடைத்த வாத்தை எலும்புவரை சப்புவான். ஒருமுறை ரம்ஸி கேட்டான்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்டா. நீதானே காலைப் புடிச்ச?"

ஃபிக்ரி தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "கிளப் கேன்டீன் யார் குடுத்ததுன்னு உனக்குத் தெரியும். டாக்டர் குடுத்தாரு. மூணு பொண்ணுங்க இருக்கு எனக்கு. என் வயித்துல அடிக்காத ரம்ஸி."

அதற்குப் பிறகு ரம்ஸி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வாத்து மட்டும் நிற்கவில்லை. இனாயத்துக்கு அந்த மனுஷனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் தட்டில் வைப்பாள்.

இந்த நிலையில்தான் மகள் நதாவுக்குச் சம்பந்தம் பேசி, பாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஓதி முடித்து, கையை முகத்தில் தடவி, இனிப்பு எடுக்கும் நேரம். மாப்பிள்ளையின் பெரியப்பா தொப்பையைக் குலுக்கிக்கொண்டு, "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா துல்பா வீட்டுப் பொண்ணாச்சே, பாதியில விட்டுட்டுப் போயிடமாட்டாளே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். நதாவும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. ரம்ஸிக்கு உள்ளங்கால்வரை எரிந்தது. இத்தனை நாள் தன்னோடு போகும் என்று அவன் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்த அசிங்கம் பெண்ணின் கல்யாணத்துக்குள் காலை வைத்துவிட்டது.

மறு வாரமே டாக்டர் ஸஃப்வத் வீடு தேடி வந்தார். இப்போது அவர் கிளப்பின் தலைவர். அடுத்த மாதம் தேர்தல். கிளப்பின் வயதான உறுப்பினர்களுக்கு இன்னமும் அந்தக் கோல் என்றால் பித்து. அவர்களுடைய ஓட்டு வேண்டும்.

"கேப்டன், உனக்கு ஒரு விடைபெறும் ஆட்டம் வைக்கிறோம். தாமதமாயிடுச்சு, ஒத்துக்கறேன். நீ அஞ்சு நிமிஷம் ஆடு, கேடயம் வாங்கு, தோள்ல தூக்கி மைதானத்தைச் சுத்தி வருவாங்க."

இனாயத் காப்பி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு வாய் குடித்ததும் டாக்டரின் முகம் சுருங்கியது. சர்க்கரை இல்லை. சாவு வீட்டில் கொடுக்கிற கறுப்புக் காப்பி.

"சர்க்கரை மறந்துட்டீங்க போல."

"மறக்கல டாக்டர்," என்றாள் இனாயத். "இந்த வீட்டுல ஒரு கால் செத்துப்போச்சு. நீங்க துக்கம் கேக்க வரவேயில்ல, அதான்."

டாக்டர் இருமினார். ரம்ஸி அவளைத் தடுக்கவில்லை. "வரேன்," என்றான். "ஆனா மைக்ல நீங்க ஒரு வாக்கியம் சொல்லணும். தசைநார் கிழிஞ்சது எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் ஊசி போட்டேன்னு. அவ்வளவுதான். எனக்குக் கேடயம் வேணாம்."

டாக்டர் கண்ணிமையைத் தொட்டுக்கொண்டார். "என் கண்ணு மேல. சொல்றேன்."

அவர் போனதும் இனாயத் கோப்பையை எடுத்தாள். "நம்பிட்டியாய்யா?"

"நதா கல்யாணத்துக்கு முன்னால யாராவது சொல்லியாகணும்."

"அவன் சொல்லமாட்டான். நீ சொன்னா ஊரு நம்பாது. நம்புற மாதிரி சொல்லக்கூடியவன் வெள்ளிக்கிழமை வந்து என் வாத்தைத் தின்னுட்டுப் போறான்."

ஆட்டத்தன்று பிற்பகல் மைதானம் நிரம்பியது. அதே உடை மாற்றும் அறை. சுவருக்கு மட்டும் புதுச் சாயம். ரம்ஸி நீலச் சட்டையைப் போட்டான், வயிற்றில் இறுக்கியது. எதிரணியில் ஓய்வுபெற்ற பழைய ஆட்டக்காரர்கள். அவர்களுக்குக் கோல்கீப்பர் ஃபிக்ரி. மூலையில் உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். அப்போது டாக்டர் உள்ளே வந்தார், சிரித்துக்கொண்டே. கையில் சின்னத் தோல்பை.

"நொண்டிக்கிட்டு ஓடினா நல்லாவா இருக்கும்? ஜனங்க சந்தோஷத்துக்கு வந்திருக்காங்க. அஞ்சு நிமிஷம்தான் கேப்டன். ஒரே ஒரு ஊசி."

அதே வாய், அதே வார்த்தை. ரம்ஸிக்குக் காது அடைத்தது. பதினேழு வருடத்தில் இந்த மனுஷனுக்கு ஒரு புது வார்த்தைகூட வாயில் வரவில்லை! அவன் நிமிர்ந்து ஃபிக்ரியைப் பார்த்தான். ஃபிக்ரி கையுறையின் பட்டையை இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தான்.

"குடுங்க," என்றான் ரம்ஸி. "நானே போட்டுக்கறேன்." மூடி கழற்றாத ஊசியை வாங்கிக் காலுறைக்குள் செருகிக்கொண்டான்.

வெளியே டாக்டர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். ரம்ஸி மைதானத்து வாசலில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான். ஊரின் பெருமை என்றார். மறக்க முடியாத கோல் என்றார். "இளம் வயதிலேயே, தன் சொந்த விருப்பத்தின் பேரில், நம் கேப்டன் ஓய்வு பெற்றார். அந்த முடிவை நாம் மதித்தோம்." கைதட்டல். அவ்வளவுதான். கண்ணு மேல வைத்த சத்தியம் அந்த மேடைப்படியிலேயே உதிர்ந்துவிட்டது. குடும்பங்கள் உட்காரும் படிக்கட்டில் நதா எழுந்து நின்று தகப்பனைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வருங்கால மாமியார், இந்தப் பக்கம் அந்தப் பெரியப்பா.

விசில் ஊதியதும் பந்து ரம்ஸியிடம் வந்தது. விடைபெறுகிறவனுக்கு ஒரு கோல் தானமாகக் கொடுப்பது வழக்கம். தடுப்பாட்டக்காரர்கள் வேண்டுமென்றே வழுக்கி விழுந்தார்கள். கூட்டம் சிரித்தது, கை தட்டியது. ரம்ஸி வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் கத்தி இறங்கியது. இறங்கட்டும், மரத்துப்போன காலோடு இன்னொரு தடவை ஊரை ஏமாற்றக் கூடாது என்று நடந்தான். ஃபிக்ரி பந்து வராத பக்கமாகப் பாய்ந்து படுத்துக்கொண்டான். வலை திறந்து கிடந்தது.

கோல் கோட்டின்மேலே பந்தைக் காலால் மிதித்து நிறுத்தினான் ரம்ஸி. அப்படியே நின்றான்.

"அடி! அடி!" கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் அடிக்கவில்லை. அறிவிப்பாளர், கேப்டனுக்கு அழுகை வந்துவிட்டது போலும் என்று நினைத்து மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நீட்டினார்.

ரம்ஸி வாங்கினான். "இந்த கோலை நான் போடமாட்டேன். போன தடவை போட்டதுக்கே இன்னும் நடக்க முடியல." காலுறையிலிருந்து ஊசியை உருவி உயரப் பிடித்தான். "அன்னிக்கு முட்டி கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சே டாக்டர் ஸஃப்வத் எனக்கு ஊசி போட்டாரு. இன்னிக்கும், இதோ இப்ப, அதே ரூம்ல, அதே ஊசியோட வந்தாரு. கோல் உங்களுக்கு, கால் எனக்கு. சரி, பரவாயில்ல. ஆனா என் பேரு? அதை ஏன்யா ஆளாளுக்குக் கிழிச்சீங்க? நான் பாதியில விடல. என்னைப் பாதியாக்கி விட்டீங்க!"

மேடையில் டாக்டர் இன்னொரு மைக்கை எடுத்தார். குரலில் தேன். "நம்ம கேப்டனுக்கு உணர்ச்சி மேலிட்டிருக்கு. அது சத்து ஊசி, விட்டமின். நான் அவருக்கு டாக்டர் மட்டுமில்ல, தகப்பன் மாதிரி." எங்கேயோ ஒருவன் சிரித்தான். மேற்குப் படிக்கட்டிலிருந்து ஒரு குரல்: "துல்பா பண்ணாத துல்பா! அடிச்சுட்டுப் போ!" உடனே சிரிப்பு வரிசை வரிசையாக இறங்கி வந்தது. ரம்ஸி நதாவைப் பார்த்தான். அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தரையில் கிடந்த ஃபிக்ரி எழுந்தான். முழங்கையில் புல் ஒட்டியிருந்தது. வந்து ரம்ஸியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினான்.

"நான்தான் காலைப் புடிச்சேன்." குரல் உடைந்தது. மறுபடி சொன்னான். "அன்னிக்கு ஊசி போடும்போது இவன் காலை நான்தான் ரெண்டு கையாலயும் புடிச்சேன். கிழிஞ்ச முட்டின்னு டாக்டர் என்கிட்ட சொன்னாரு. வாயைத் திறக்காதன்னு சொன்னாரு. கேன்டீன் குடுத்தாரு. திறக்கல. இப்பவும் ரூம்ல பார்த்தேன், அது விட்டமின் இல்ல. சிரிக்கறவன் எவன்டா? இறங்கி வந்து என்னைக் கேளு!"

ஒருவனும் இறங்கவில்லை. சிரிப்பு அப்படியே நின்றது. முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் மைக்கைத் தட்டினார், என்னவோ சொல்ல வந்தார், பிறகு மேடையின் பின்பக்கமாக இறங்கினார். அந்தப் பெரியப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நதா நேராக நின்றாள், இப்போது முகத்தை மூடவில்லை.

ஃபிக்ரி திரும்பினான். கண்ணெல்லாம் ஈரம். "ரம்ஸி..."

ரம்ஸி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "இருபது வார்த்தை இருக்குமாடா அது? இருபது வார்த்தை! அதுக்குப் பதினேழு வருஷமா? எத்தனை வெள்ளிக்கிழமை என் வீட்டுல தின்ன? என் பொண்ணு நிச்சயத்துல அவனுங்க சிரிச்சப்ப நீயும் அங்கதானே இனிப்பு எடுத்துக்கிட்டிருந்த?"

"ஆமா," என்றான் ஃபிக்ரி.

தோளில் தூக்கிச் சுற்றிவர ஏற்பாடு செய்திருந்த நான்கு இளைஞர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ரம்ஸி ஒரு பார்வை பார்த்தான், நின்றுவிட்டார்கள். வாசலில் இனாயத் காத்திருந்தாள். அவளை நோக்கி ஓர் அடி வைத்தான், முட்டி பிசகிச் சாய்ந்தான். ஃபிக்ரி பாய்ந்து பிடித்தான். இந்தத் தடவை சரியான பக்கம்தான் பாய்ந்தான். ரம்ஸி அவன் தோளில் கையைப் போட்டான். பந்து கோட்டின்மேலேயே கிடந்தது, நடுவர் உட்பட யாரும் அதைத் தொடவில்லை. இருவரும் மெதுவாக வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

மன்னித்துவிட்டானா என்று ஊர் இன்னும் கேட்கிறது. இல்லை. கால் நடக்கவில்லை, அதனால் பிடித்துக்கொண்டான்.