பெயருக்கு விட்ட இடம்

நகரிப் பக்கத்து நெசவுத் தெருக்களில் ஒரு சாவு விழுந்தால், மேளத்துக்கு ஆள் போவதற்கு முன்னால் செங்கம்மாவுக்கு ஆள் போய்விடும். அவள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தால், பாகத் தகராறில் பல வருஷம் முகம் பாராத தம்பிகூட மூக்கைச் சிந்துவான். ஒரு வீட்டில் பாடியதை இன்னொரு வீட்டில் பாட மாட்டாள். செத்தவர் எந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தினார், எந்த மருமகளோடு மல்லுக்கட்டினார் என்பதெல்லாம் அங்கேயே, அப்போதே, பாட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் கிழித்த கிழிப்பைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கறார். சாவு வீட்டுக்கு வெளியே அவள் வாயில் ஒப்பாரி வராது. தறி நாடாவுக்குத் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுச் சந்திரம்மா, "அக்கா, எங்க மாமியாருக்குப் பாடினியே, அத்த ஒரு தபா பாடேன்" என்று கேட்டால் கையை ஓங்கிவிடுவாள்.

"உசுரோட கீறவங்க மேல எழவப் பாடுனா, எழவு வழி தெரிஞ்சிக்கினு வந்துடும்டி."

இதை அவள் முழுசாக நம்பினாள். தெருவும் நம்பியது.

அவள் புருஷன் வேதாச்சலம் நல்ல நெசவாளி, அதைவிட நல்ல குரல்காரன். பஜனையா, கூட்டமா, அவன் பாடினால் அடுத்த தெருவில் தறி நிற்கும். ஆனால் பாட்டுக் கட்ட வராது. நாலு வார்த்தை சேர்ப்பதற்குள் வியர்த்துவிடும். செங்கம்மா கட்டுவாள், அவன் பாடுவான், அதுதான் அந்த வீட்டு ஏற்பாடு. ஒப்பாரியில் பெயர் கிடையாது. பஜனைப் பாட்டின் கடைசி அடியிலோ கட்டியவர் பெயர் வந்தாக வேண்டும். நாலு ஆம்பிளைகள் நடுவில் பொம்பளை பெயரா வைப்பது? புருஷன் பெயரை வைக்கலாம் என்றால், அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. புருஷன் பெயரை எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த இடம் வந்ததும் "தன்னன்னா" என்று முனகிவிட்டு, "இந்தாங்க, இங்க உங்க பேர வச்சிக்கோங்க" என்பாள். அவனும் வைத்துக்கொண்டான். ஊரில் அவன் பாட்டு வேதாச்சலம் ஆனான். யார் கட்டிய பாட்டு என்று கேட்டால் "நம்முளுதுதான்" என்பான். அந்த நம்மில் யார் யார் என்று எவரும் கேட்கவில்லை. அவனுக்கு மாலை விழும்போது பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சுருக்கென்று தைக்கும். வீட்டுக்குப் போய்ச் சோறு போடும்போது அது மறந்துவிடும்.

பிறகு எல்லைத் தகராறு வந்தது. ஆந்திரா பிரிந்து, எது எந்தப் பக்கம் என்று வருஷக் கணக்கில் இழுத்து, கடைசியில் தீர்ப்பும் வந்தது. திருத்தணி அந்தப் பக்கம், தமிழ்ப் பக்கம் போகிறது, இவர்கள் தெரு இந்தப் பக்கம், ஆந்திராவிலேயே கிடக்கிறது. செங்கம்மாவின் தாய் வீடு திருத்தணியை ஒட்டி. சர்வே ஆட்கள் வந்து கல் நட ஆரம்பித்த அன்று அவள் தார் சுற்றும் ராட்டினத்தை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கட்டினாள். நிலத்துக்குச் சாவு ஏது, பாடினால் எழவு வந்துவிடும் என்ற பயம் இல்லை என்பதால் ஒப்பாரி மெட்டிலேயே கட்டினாள்.

தாய் வீடு அந்தாண்ட தறிக்குழி இந்தாண்ட
நடுவால கல்ல நட்டு நான் அழுவ விட்டாங்களே
நட்ட கல்லப் புடுங்கிப்போட நம்ம சனம் கூடாதோ
வேதாச்சலம் சொன்ன சொல்லு வீதியெல்லாம் கேக்காதோ

வீதியெல்லாம் கேட்டது. எல்லைப் போராட்டக் கூட்டத்தில் வேதாச்சலம் பாடிய அன்று சாயங்காலமே ஜனம் கிளம்பிப் போய் நிஜமாகவே கற்களைப் பிடுங்கிப் போட்டது. தடுக்க வந்த போலீஸ்காரர் ஒருவருக்குக் கல்லடியில் கண் போயிற்று. எறிந்தவன் யார் என்று தெரியவில்லை. பாட்டைக் கட்டியவன் யார் என்பது பாட்டிலேயே இருந்தது. மறுநாள் விடிந்ததும் வேதாச்சலத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது? செங்கம்மா நடந்தே போய்ச் சேர்ந்தாள். உள்ளே எங்கேயோ அவன் முனகுவது கேட்டது. இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சாமி, அந்தப் பாட்டு நான் கட்னது. அவரு பாடுனதோட சரி. உடுறதானா அவர உட்டுட்டு என்னப் புடிச்சிப் போடுங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏமம்மா, சதுவு உந்தா? படிப்பு இருக்கா உனக்கு?"

"இல்ல சாமி."

"படிப்பு இல்ல, பாட்டு மட்டும் கட்டுவியா? உன் மொகுடு, உன் புருஷனே ஒத்துக்கினான். 'என் பாட்டு'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கான்."

 செங்கம்மாவைக் காப்பாற்றச் சொன்னானா, இல்லை அடி விழும்போதும் பாட்டை விட மனசில்லாமல் சொன்னானா? இரண்டில் எது என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அங்கே நாகபூஷணம் என்ற தமிழ்ப் பண்டிதர் இருந்தார். திருப்பதியிலிருந்து, பாட்டின் அர்த்தத்தைத் தெலுங்கில் எழுதிக் கொடுக்க வரவழைத்திருந்தார்கள். கெட்ட மனுஷர் இல்லை. அவர்தான், "சோதிச்சுப் பார்த்துடலாமே" என்றார். "பாடும்மா, கேப்போம்."

பாடினாள். கடைசி அடி வந்தது. "தன்னன்னா சொன்ன சொல்லு" என்று பழக்கத்தில் முனகிவிட்டாள். இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"சொந்தப் பாட்டுக்குக் கடைசி வரி தெரியல!"

"அது புருஷன் பேரு, சொல்லமாட்டாங்க" என்று பண்டிதர் திருத்தினார். "ஆனா இதுல ஒண்ணும் ருசுவாகல. ஒரே வீட்டுல இருக்கறவ, கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிருக்கும். ஏம்மா, புதுசா ஒண்ணு கட்டு. இங்கேயே, இப்பவே. கட்டிட்டா நானே எழுதித் தரேன், நீதான் கட்டினேன்னு."

"இன்னா பாட்டு சாமி?"

"உனக்கு எது தானா வருமோ அது."

அவளுக்குத் தானாக வருவது ஒன்றே ஒன்றுதான்.  நினைத்துப் பார்த்தாள். சாமி பாட்டாகக் கட்டலாம் என்று முயன்றாள். உள்ளே அவன் முனகும் சத்தத்தில் ஒரு வார்த்தை ஒட்டவில்லை. கட்டாமல் போனால் அவன் உள்ளேயே செத்துப்போவான். கட்டினால் எழவுக்கு அவளே வழி காட்டியதாகிவிடும். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். செங்கம்மா தரையில் உட்கார்ந்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், வாயைத் திறந்தாள்.

பாவு விரிச்ச தெரு பாதியில நிக்குதய்யா
நாடா எறிஞ்ச கை நனைஞ்ச துணி ஆச்சுதய்யா
நான் சுத்தி வச்ச தாரு நாதியத்துப் போச்சுதய்யா
உன்ன மீட்க வந்த வாயி உன் எழவப் பாடுதய்யா

வாசலில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பண்டிதர் பென்சிலை எடுத்து மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டாவது அடி, இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார்.

சொன்னாள். அதையும் சொன்னாள்.

உள்ளேயிருந்து வேதாச்சலத்தின் குரல் வந்தது. தெருவையே நிறுத்திய குரலில் இப்போது காற்றுதான் பாதி இருந்தது. "செங்கம்மா! வாய மூடுடி. அது என் பாட்டு!"

பண்டிதர் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார். முகத்தில் நிஜமான சந்தோஷம். "அருமையா இருக்கு. ஆனா இன்ஸ்பெக்டர்வாள், இது ஒப்பாரி. ஒப்பாரிக்கு ஆசிரியர்னு யாரும் கிடையாது. ஜனங்க வாய்ல காலங்காலமா புழங்குறது, துக்கம் வந்தா யார் வாய்லயும் வரும். இத வச்சி இவ பாட்டுக் கட்டுவாள்னு நான் சொல்ல முடியாது. அந்தப் பாட்டுல பேர் இருக்கு. பேர் யாருதோ அவர்தான் ஆசிரியர்."

அவ்வளவுதான், முடிந்தது. தார் சுற்றுகிறவள் சுற்றிய தாரு என்று பாடுகிறாள், அதுவும் காலங்காலமாக ஜனங்கள் வாயில் இருந்ததாம். பின்னாளில் அந்த நாலு அடியும் ஒரு தொகுப்பில் அச்சாயிற்று. அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. நாகபூஷணம்.

வேதாச்சலத்தைச் சித்தூருக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாளில் உடம்பு லாரியில் திரும்பி வந்தது. காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதுகைப் பார்த்தவர்களுக்குக் காய்ச்சல் எப்படிப்பட்டது என்று தெரிந்தது. ஆனால் தெரு என்ன பேசியது தெரியுமா? "உசுரோட கீறவன் மேல பாடிட்டு வந்தாளாம், பலிச்சிடுச்சு." லத்தியை விட்டுவிட்டார்கள், பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிகிறது. செங்கம்மாவும் அப்படியேதான் நம்பினாள் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

கூடத்தில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். செங்கம்மா இருக்கும் இடத்தில் வேறு யாரும் எடுத்துப் பாட மாட்டார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்தபடி அவன் காதோரத்து நரையைத் தடவிக்கொண்டிருந்தாள். 

"அக்கா, பாடுக்கா" என்று சந்திரம்மா அழுதாள். "ஊர்ல ஒரு பொணம் பாக்கியில்லாம பாடுனியே. மாமா மட்டும் பாட்டில்லாம போவலாமா?"

"பாடிட்டேன்டி."

"எங்க பாடுன? எப்பப் பாடுன?"

"உசுரோட இருக்கச்சொல்லவே பாடிட்டேன். ஒருக்கா பாடுனத நான் மறுக்கா பாடுறதில்ல, உனக்குத் தெரியும்."

"வேற கட்டேன்."

"வரல" என்றாள் செங்கம்மா. "ஒண்ணுமே வரல."

வெளியே பாடை தயாராகிவிட்டது. எல்லைப் போராட்டக்காரர்கள் கொடியோடு வந்திருந்தார்கள். தியாகிக்கு மரியாதை என்று யாரோ சொல்ல, ஆண்கள் எல்லாரும் அந்தப் பாட்டை எடுத்தார்கள். தாய் வீடு அந்தாண்ட, தறிக்குழி இந்தாண்ட. தெருவே பாடியது. உள்ளே அவள் உதடு தானாக அசைந்து கூடவே வந்தது. நட்ட கல் வந்தது, நம்ம சனம் வந்தது. கடைசி அடிக்கு முன்னால் அவள் குனிந்து, வாயை அவன் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"வேதாச்சலம்" என்றாள்.

பக்கத்திலிருந்த பெண்கள் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், ஆண்கள் உள்ளே வந்து தூக்கும்வரை.