ஊசி இறங்கும் வரை

சாதாரண ஹெட்போனுக்குள் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். நான் செய்ததில் அவை கிடையாது. பூக்கடைக்காரர் சுற்றித் தரும் கவரைவிட மெல்லிய ஒரு பிலிம், அதற்கு இரண்டு பக்கமும் துளை போட்ட தகடு, இடையில் நகக்கனத்துக்கு இடைவெளி. அவ்வளவுதான். ஆனால் அந்த பிலிமில் ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். தகடுகளுக்குப் போகும் பாட்டையும் டிரான்ஸ்பார்மர் வைத்து அந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டும். இவ்வளவையும் காதோரம் வைத்துக்கொண்டுதான் பாட்டுக் கேட்க வேண்டும்.

எனக்கு இது தேவையா என்று கேட்டால், தேவையே இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. மைக் செட் கட்டினேன், கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றினேன், ஒரு வருடம் ஆண்டிபட்டியில் தறிக்கூடத்து மெஷின்களைப் பார்த்துக்கொண்டேன். குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து வீட்டில் வயரிங் வேலைக்குப் போனபோது, வீட்டுக்காரர் மலையாளத்தில் "கேட்டு நோக்கு", கேட்டுப் பார், என்று என் தலையில் இப்படி ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார். பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே தூங்கி எழுந்த எனக்குப் பாட்டுக்குள் மூச்சு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பத்தில் வாடகைக்கு வீடு பிடித்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

பழைய சைக்கிள் டியூபைப் பலகைமேல் வட்டமாக வைத்து, பிலிமை அதன்மேல் விரித்து ஓரங்களை ஒட்டினேன். பம்பால் காற்றடிக்க அடிக்க டியூப் உப்பி, பிலிம் உடுக்கைத் தோல் போல விறைத்தது. கரண்டு பரவுவதற்காக அதில் பென்சில் கரியைப் பஞ்சால் தேய்த்தேன். ஒரு தூசி இருந்தாலும் உள்ளே பொறி தெறிக்கும். என் மனைவி ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிறவள். என் கண்ணுக்குத் தெரியாத தூசியை எல்லாம் அவள் ஊசிமுனையால் எடுத்துப் போட்டாள். இடைவெளிக்கு வைக்கப் பிளாஸ்டிக் தாள் கிடைக்கவில்லை. மாமனாரின் பழைய எக்ஸ்ரே இருந்தது.

"எங்கய்யா நெஞ்சக் கத்தரிச்சுக் காதுல மாட்டப் போறீகளாக்கும்?"

"கருப்பெல்லாம் கழுவியாச்சு. இப்ப வெறும் பிளாஸ்டிக்குதான்."

"அவரு இருமுறது கேக்காமப் பாத்துக்கங்க."

கேபிளில்தான் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மைக் செட்டில் வயரை இரட்டையாக முறுக்கித்தான் மரத்துக்கு மரம் இழுப்போம். அதே பழக்கத்தில், வோல்ட்டை ஏற்றித் தரும் பெட்டியிலிருந்து ஹெட்போனுக்கு வரும் ஐந்து வயரையும் முறுக்கிவிட்டேன். இதற்கு முறுக்கவே கூடாது. வயர்கள் நெருங்கினால் மெல்லிய ஓசையெல்லாம் வழியிலேயே போய்விடும், உறை எங்காவது கீறியிருந்தால் பொறியும் பாயும். பிரித்து, ஒன்றோடொன்று படாமல் நாடாமேல் படுக்கவைத்தேன். அவள் தைத்தாள்.

முடித்த வாரம் குமுளிப் பக்கமிருந்து விடாத சாரல். துணி காயவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்திருந்தது. ஈரம் இதற்கு ஆகாது, வெயில் வரட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை, அவளுக்கு ஸ்டோர் லீவு, இன்றைக்கே போடுவோம் என்றாள்.

"நாந்தான் மொதல்ல மாட்டுவேன்."

"உனக்கென்ன கிறுக்கா?"

"எனக்கு என்னமும் ஆனா நீங்க அணைச்சிருவீக. உங்களுக்கு ஆனா எந்தச் சுவிச்சுன்னு எனக்கென்ன தெரியும்? நீங்க துடிப்பீக, நான் மிக்ஸிய அணைச்சுட்டு நிப்பேன்."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு மறுக்க வாய் வரவில்லை. தகட்டுக்கும் காதுக்கும் நடுவே இன்னொரு பிலிமும் துணியும் வைத்திருந்தேன். எத்தனையோ தடவை மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று. அவள் என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். நான் பெட்டியைப் பார்த்துத் திரும்பி நின்று சுவிட்சைப் போட்டேன். பெட்டியோடு சேர்த்திருந்த மீட்டரின் ஊசி ஏறி ஐந்நூற்றைத் தாண்டி நின்றது. செல்போனில் பாட்டைத் தொட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது போல 'சிர்ர்' என்றது. ஊசி ஆடியது. திரும்பினேன். தலையில் கட்டியிருந்த துண்டு அவள் மடியில் கிடந்தது. தலைக்குக் குளித்திருந்தாள். வெள்ளிக்கிழமை, புதுச் சாமான், குளிக்காமல் தொடமாட்டாள். நீளமுடி சொட்டச் சொட்ட, அதன்மேல் நான் செய்த சாமான் உட்கார்ந்திருந்தது.

சுவிட்சை அடித்தேன். பாட்டு நின்றது. அவள் என்ன ஆச்சென்று கையைத் தலைக்குத் தூக்கினாள்.

"தொடாத! கைய எறக்கு!"

நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. கை பாதியில் நின்றது.

"அசையாத. இன்னும் கரண்டு இருக்கு."

"அணைச்சிட்டீகள்ல?"

அணைத்தாலும் பெட்டிக்குள் இருக்கும் கண்டன்சர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் குறுக்கே போட வேண்டும். போடவில்லை. மீட்டர் வழியாக மட்டும் அது மெல்ல வடிந்துகொண்டிருந்தது. நான் தொட்டால் என் வழியாகவும் இறங்கும், அவள் வழியாகவும் இறங்கும். ஊசி நானூற்றைம்பதில் இருந்தது. கழுத்தோரம் ஒரு சொட்டு இறங்கி ரவிக்கைக்குள் போவதைப் பார்த்தேன். வெளியே தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அவள் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள்.

"காதுல சுடுதா? குத்துதா?"

"பாடுற அம்மா ஆரம்பிக்க முன்ன எச்சி முழுங்குனாக. அதுக்குள்ள அணைச்சிட்டீக."

"சுடுதான்னு கேட்டேன்."

"இல்லங்க. மூக்குதான் அரிக்கி."

"அரிக்கட்டும்."

முந்நூறு. அதற்குக் கீழே ஊசி இன்னும் சோம்பியது. அவள் உதட்டைச் சுழித்து மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஊசி பூஜ்யத்தில் படுத்த பிறகும் நம்பாமல், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் கண்டன்சரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டேன். சத்தம் வரவில்லை. அப்புறம்தான் அவள் தலையிலிருந்து எடுத்தேன். அவள் முதல் வேலையாக மூக்கைச் சொறிந்தாள்.

பொறி காதில் பறக்கவில்லை. கேபிள் பெட்டியில் சேரும் பிளக்கை உருவிப் பார்த்தேன். அதன் ஐந்து முனைகளுக்கு நடுவே சந்தனம், அதன்மேல் குங்குமம், இரண்டும் ஈரமாக. ஓரம் கருகி இருந்தது.

"எல்லா வயரும் சேருற எடமாச்சேன்னு, செருகுறதுக்கு முன்ன அங்கன வச்சேன்" என்றாள். "பெட்டி மேல வச்சா நீங்க தொடச்சிருவீக."

பிளக்கை ஸ்பிரிட்டால் கழுவினேன். ரெசிஸ்டர் ஒன்றைக் கண்டன்சருக்குக் குறுக்கே பற்றவைத்தேன். அணைத்தவுடன் ஊசி விழுகிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டு அணைத்துப் பார்த்தேன். விழுந்தது. பிறகு எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

அவள் அடுப்படியில் சாம்பிராணிப் புகையில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"என்ன, கட்டியாச்சா?"

"இது வேண்டாம். உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஆகலேல்ல. நீங்க பாதியில விட்டதெல்லாம் ஊருக்கு ஊர் சாக்குல கட்டித் தூக்குனது யாரு? பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட பேச்சு வாங்குனது யாரு? இதையும் நாந்தான் தூக்கணும். அதுக்குள்ள என்ன கேக்குதுன்னாவது தெரிஞ்சுக்கிறேன்."

மத்தியானத்துக்கு மேல் சாரல் விட்டது. அவள் முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, குனிந்து காட்டினாள். வேர்வரை விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. காதுக்குப் பின்னாலும் துடைக்கச் சொன்னேன். துடைத்தாள். பிளக்கை நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் செருகினேன்.

இந்தத் தடவை திரும்பி நிற்கவில்லை. அவளும் ஊசியும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி நின்று, ஒரு விரலைச் சுவிட்சிலேயே வைத்திருந்தேன். பாட்டு ஓடியது. வெளியே இருக்கும் எனக்குக் கொசு பாடுவது போலத்தான் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு இடத்தில் புருவம் ஏறியது. என் விரல் அமுக்கப் பார்த்தது. ஊசி ஆடவில்லை, பொறுத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. அவள் கண்ணைத் திறக்காமல், மடியிலிருந்து கையை எடுக்காமல், "இன்னொருக்கா போடுங்க" என்றாள், செவிடர்கள் பேசுவது போலச் சத்தமாக. நான் சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல் இடது கையால் செல்போனைத் தேடினேன்.