வெள்ளைத்துரை திறந்து வைத்த கம்ப்யூட்டர்

ஓடாமல் நிற்கும் எதைக் கண்டாலும் பத்மாசினிக்குக் கை சும்மா இருக்காது. மதுரை தல்லாகுளத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்த புதிதில், மிஷின் மக்கர் செய்தால் டவுனிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். "இந்தா வாரேன் டீச்சர்" என்பார் அவர். அவர் வருவதற்குள் பரீட்சை வந்துவிடும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார் பத்மாசினி. அப்புறம் தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, கழன்ற ஸ்பிரிங்கை மாட்டிவிட்டார். அதிலிருந்து மிக்ஸி, டேபிள் ஃபேன், கணவருடைய ஸ்கூட்டர் என்று எதையும் விட்டு வைக்கவில்லை.

கணவர் துளசிராமுக்குத் தெற்கு மாசி வீதியில் சுங்கடிச் சேலைக் கடை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்த மனைவியைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். வீட்டுக்கு வந்ததும், தங்கள் சௌராஷ்டிர பாஷையில், ஸ்கூட்டரை மட்டும் விட்டுவிடும்படி அவரிடமே கெஞ்சுவார்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஊரில் அங்கங்கே கம்ப்யூட்டர் வகுப்பு என்று போர்டுகள் தொங்க ஆரம்பித்தன. டைப் அடிக்க வந்த பெண்கள், "நமக்கு எப்ப டீச்சர் வரும்?" என்று நச்சரித்தார்கள். கம்பெனி மிஷினுக்குச் சொன்ன விலை கட்டுப்படியாகாது. பாகம் பாகமாக வாங்கி நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதுதான் தாமதம், பத்மாசினி கணவரையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினார். மூளையாக வேலை செய்கிற மதர்போர்டை ஒரு கடையில் வாங்கினார்கள். வீட்டுக் கரண்டை வாங்கி அதற்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டியை அடுத்த தெருவில் வாங்கினார்கள். திரும்பும்போது மானிட்டரை மடியில் வைத்துக்கொண்ட துளசிராம், விழுப்புரம் வரைக்கும் பயத்தில் அசையவில்லை. அதற்குப் பிறகு கால் மரத்துப்போய் அசைய முடியவில்லை.

மாடிக்குச் சொந்தக்காரர் வெள்ளைத்துரை. திருமங்கலம் பக்கம் பருத்திக் காடு வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி. பிள்ளைகள் படிப்புக்காகத் தல்லாகுளத்தில் வீடு கட்டிக் கீழே குடியிருந்தார். அந்த வட்டாரத்தில் கடை திறப்பு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சைக்கிள் கடை, மாவு மில், சலூன் என்று அவர் கை பட்டுத் திறந்தது ஒன்றும் மூடியதில்லை. இதைப் பற்றி அவராக வாய் திறக்க மாட்டார். யாராவது பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே விழுந்து தடுக்கவும் மாட்டார்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். விட்டால் ஆடி வந்துவிடும். துளசிராம் நாள் குறித்து எல்லோரையும் அழைத்துவிட்டதால், அன்று காலைதான் பத்மாசினி பாகங்களைப் பெட்டிக்குள் பூட்ட உட்கார்ந்தார். கடைசித் திருகைத் திருகும்போது வெள்ளைத்துரை பட்டு வேட்டி சரசரக்கப் படியேறி வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஒச்சாயி, தெருக்காரர்கள், டைப் படிக்கும் பெண்கள்.

சூடம் காட்டினார்கள். வெள்ளைத்துரை கண்ணை மூடி, கும்பிட்டு, சுவிட்சை அமுக்கினார். உள்ளே மின்விசிறி விர்ரென்று சுற்றியது. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடித்தார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு 'பீப்' சத்தம் வர வேண்டும், அதுவும் வரவில்லை.

ஒச்சாயி பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்தார்.

"காத்து நல்லாத்தான் வருது. இம்புட்டுப் பெரிய பெட்டி காத்துக்குத்தானா?"

"மிஷின் சூடாகணும்க்கா, கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள எல்லாரும் காப்பி சாப்புடுங்க" என்று துளசிராம் கூட்டத்தைக் கீழே ஓட்டிக்கொண்டு போனார். காப்பி ஆறியது. கூட்டமும் கலைந்தது. மிஷின் மட்டும் சூடாகவில்லை.

பத்மாசினிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆனால் உண்மையான அடி விழுந்தது வெள்ளைத்துரைக்கு. மறுநாளே புரோட்டாக் கடை போடவிருந்த ஒருவன் வந்து, "மாமா, வெயிலுல நீங்க எதுக்கு அலைஞ்சுக்கிட்டு? கடை திறப்ப நாங்களே சின்னதா முடிச்சுக்கிர்றோம்" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதும் வெள்ளைத்துரை நேரே மாடிக்கு வந்தார்.

"டீச்சர், மறைக்காமச் சொல்லுங்க. நான் சுவிட்ச கீது தப்பா அமுக்கிட்டேனா?"

"ஐயையோ, இல்லண்ணே. சுவிட்சுல தப்பா அமுக்க என்ன இருக்கு? உள்ளதான் என்னமோ கோளாறு."

"அப்ப கோளாறு என்னான்னு கண்டுபிடிங்க. நான் எங்கயும் போகல, இங்கிட்டுதான் உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்படித்தான் அந்த வீட்டில் ஒரு புது ஜோடி மெக்கானிக்குகள் உருவானார்கள். முதலில் வீட்டுக் கரண்ட் மேல் சந்தேகம் விழுந்தது. வெள்ளைத்துரை தன் வீட்டு ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைக் கழற்றிச் சுமந்துகொண்டு வந்தார். ஒச்சாயி கீழே இருந்து சத்தம் போட்டதுதான் மிச்சம். அடுத்து, பவர் சப்ளையிலிருந்து போர்டுக்குப் போகிற இரண்டு பிளக்குகளை இடம் மாற்றிச் செருகிவிட்டோமோ என்று பயம். மாற்றிச் செருகினால் போர்டு செத்தே போகும். இரண்டு பிளக்கிலும் உள்ள கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். பத்மாசினி குனிந்து பார்த்தார். சரியாகத்தான் நின்றன. மீட்டரை வைத்து ஒயர் ஒயராக அளந்தார். சிவப்பில் ஐந்து வோல்ட், மஞ்சளில் பன்னிரண்டு. அதிலும் குறை இல்லை.

தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து மெட்ராஸுக்கு போன் போட்டார். போர்டு விற்றவர், "எங்க போர்டு பத்தரை மாத்து மேடம். பவர் சப்ளைதான் மட்டம்" என்றார். பவர் சப்ளை விற்றவர் போர்டைப் பற்றி அதையே சொன்னார், கொஞ்சம் கூடுதல் உறுதியோடு.

பூத் வாசலில் நின்ற வெள்ளைத்துரை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "மாப்ள வீட்டுக்காரன் பொண்ணைக் கொற சொல்றான், பொண்ணு வீட்டுக்காரன் மாப்ளயக் கொற சொல்றான். ரெண்டு பேரும் தனித்தனியா நல்லவுகதானா? அதப் பாத்துட்டா தெரிஞ்சு போகும்ல?"

பத்மாசினி சட்டென்று நின்றார். "தனித்தனியாப் பாக்குறதுக்கு ஓடுற மிஷின் ஒண்ணு வேணுமேண்ணே. இதோட போர்ட அதுல மாட்டிப் பாக்கணும்."

"அம்புட்டுத்தானா? பரவைக்குப் பக்கத்துல ஒரு நூல் மில்லுக்கு நாந்தான் பருத்தி போடுறேன். அங்க ஒண்ணு வாங்கி வச்சிருக்காக. கெளம்புங்க."

மில் கம்ப்யூட்டரைக் குளிர்சாதன அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் வெங்கடசுப்பிரமணியன். செருப்பை வெளியே விடச் சொன்னார். காலைக் கழுவச் சொன்னார். வெள்ளைத்துரையின் துண்டை உதறிப் பார்த்து, பஞ்சு இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே விட்டார். மேனேஜர் சம்மதித்துவிட்டதால் மறுக்க முடியாமல், தன் மிஷினின் மூடியைக் கழற்றும்போது, சொந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் நடப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேடம், உங்க போர்டை என் சப்ளையில போட்டுப் பாக்கலாம். உங்க சப்ளையை என் போர்டுல போட மட்டும் கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன் சார். இது ஒண்ணு போதும்."

தன் போர்டை மேஜையில் துணி விரித்து வைத்து, மில் மிஷினின் பவர் சப்ளையை அதில் செருகினார் பத்மாசினி. சுவிட்சைப் போட்டார். திரை ஒரு நொடி கறுப்பாக இருந்தது. பிறகு, 'பீப்'. திரையில் பச்சை எழுத்துகள் ஓடின.

"பொண்ணு மேல குத்தமில்ல!" என்று வெள்ளைத்துரை கத்தினார். குளிர் தாங்காமல் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் அவருடைய சத்தம் அவருக்கே சரியாகக் கேட்டிருக்காது.

அப்படியானால் பவர் சப்ளைதான் கெட்டதா? அதில்தான் மீட்டர் எல்லாம் சரி என்கிறதே. பத்மாசினி இரண்டு பவர் சப்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிளக்குகளைக் கையில் பிடித்துப் பார்த்தார். ஒரே நிறங்கள், ஒரே வரிசை. ஓரத்தில் முதல் குழிக்கு வந்ததும் விரல் நின்றது. மில் சப்ளையில் அந்தக் குழியில் ஓர் ஆரஞ்சு ஒயர் இருந்தது. அவருடையதில் குழி காலி. ஒயர் அறுந்து விழவில்லை, முதலிலிருந்தே இல்லை. வேறு ஏதோ மிஷினுக்காகச் செய்த பெட்டியை அந்தக் கடைக்காரர் இதற்கும் ஆகும் என்று தள்ளிவிட்டிருக்கிறார்.

"இந்த ஒயர் என்ன சார் பண்ணும்?"

"தெரியலையே மேடம். நான் ஓடுற மிஷினைத் திறந்து பாத்ததே இன்னைக்குத்தான்" என்றார் வெங்கடசுப்பிரமணியன். ஆனால் இதற்குள் அவருக்கும் ஆர்வம் பற்றிக்கொண்டது. ஓடிப்போய் மில் எலெக்ட்ரீஷியனிடமிருந்து இன்னொரு மீட்டர் வாங்கி வந்தார். ஒன்றைச் சிவப்பு ஒயரிலும் மற்றதை ஆரஞ்சிலும் வைத்து, மூன்று தலைகளும் முட்டிக்கொள்ளக் குனிந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் சிவப்பின் முள் துள்ளி ஐந்தில் நின்றது. ஆரஞ்சின் முள் படுத்தே கிடந்தது. கண் சிமிட்டும் நேரம் கழித்து அதுவும் எழுந்து ஐந்துக்குப் போனது.

"திரும்பப் போடுங்க சார்."

திரும்பவும் அதே தாமதம்.

பத்மாசினி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "சார், இது எங்க டைப்ரைட்டிங் பரீட்சை மாதிரில்ல இருக்கு! பிள்ளைக பேப்பர மாட்டி, விரலக் கட்டை மேல வச்சு ரெடியா உக்காந்திருக்கும். மணி அடிச்சாத்தான் அடிக்க ஆரம்பிக்கும். இந்த ஒயருதான் மணி. 'கரண்டு நிதானத்துக்கு வந்திருச்சு, இனிமே ஆரம்பி'ன்னு சொல்லுது. என் பெட்டியில மணியே இல்ல. பாவம், போர்டு அன்னைலருந்து விரல வச்சுக்கிட்டே உக்காந்திருக்கு."

"அப்ப மணிய நாம அடிச்சுட்டா?" என்றார் வெங்கடசுப்பிரமணியன்.

"அதான். ஆனா உடனே அடிக்கக் கூடாது, கொஞ்சம் பிந்தி அடிக்கணும்."

பிந்தி அடிப்பது எப்படி என்று வெள்ளைத்துரையின் ஜீப்பில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தார். காலேஜ் லேபில் செய்தது ஞாபகம் வந்தது. கெப்பாசிட்டர் என்பது தொட்டி மாதிரி. ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கரண்டை அதற்குள் விட்டால் மெல்ல மெல்லத்தான் நிரம்பும். சிவப்பு ஒயரிலிருந்து ஒரு ரெசிஸ்டர், அங்கிருந்து கறுப்புக்கு ஒரு கெப்பாசிட்டர், இரண்டும் சேர்கிற இடத்திலிருந்து அந்தக் காலிக் குழிக்கு ஒரு புது ஒயர். தொட்டி நிரம்பியதும் மணி அடித்துவிடும். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்ததில் மிஞ்சியவை மேஜை டிராயரில் கிடந்தன. மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் பற்றவைத்து, மீட்டரில் முள் தாமதமாக எழுகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிளக்கைச் செருகினார். சுவிட்சைப் போட்டார்.

'பீப்' என்றது.

சாயங்காலம் வெள்ளைத்துரையை மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை பட்டு வேட்டி இல்லை, கூட்டமும் இல்லை. ஒச்சாயி, துளசிராம், டைப் படிக்கும் பெண்கள் மட்டும். வெள்ளைத்துரை சுவிட்சுக்கு நேரே விரலை நீட்டிவிட்டு, நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்குறேன். நான் வாரதுக்கு முந்தி போட்டுப் பாத்துட்டீகளா?"

அறையே பத்மாசினியைப் பார்த்தது. துளசிராம் பின்னாலிருந்து 'இல்லை என்று சொல்' என்பதுபோல் கண்ணால் ஜாடை காட்டினார். பத்மாசினிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பாத்துட்டேண்ணே. காலைலருந்து நாலஞ்சு தடவை போட்டேன். கோவிச்சுக்காதீக."

வெள்ளைத்துரை பெரிதாக மூச்சு விட்டார். "நல்லவேளை, பாத்தீகளே! பாக்காம என்னைய அமுக்கச் சொல்லியிருந்தா இப்படியே எறங்கி ஓடியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஓங்கி அமுக்கினார். எழுத்துகள் பச்சையாகப் பொங்கி வந்தன. பெண்கள் மேஜைகளைத் தட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தத் திறப்பு விழாவுக்குப் போனாலும், "முன்னாடியே போட்டுப் பாத்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டுதான் கத்தரிக்கோலைக் கையில் வாங்குவார் என்று துளசிராம் கடையில் சொல்லிச் சிரிப்பார்.

பத்மாசினி அதோடு நிற்கவில்லை. அடுத்த மிஷினையும் தானே சேர்த்தார். தை மாதம் வந்தபோது, நாலு பெண்கள் டைப்போடு கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். வெங்கடசுப்பிரமணியன் ஏதாவது சந்தேகம் என்றால் பரவையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். இப்போதெல்லாம் மூடியைக் கழற்றும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

வெள்ளைத்துரை இரண்டாம் தடவை சுவிட்சை அமுக்கிய அன்று சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் ஒச்சாயி மட்டும் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இதுல என் பேரு வருமா டீச்சர்?"

பத்மாசினி ஆங்கில எழுத்தில் அடித்தார். ஒச்சாயிக்குப் படிக்கத் தெரியாது. பச்சையாக மினுங்குகிற அந்த வரிசையை விரலால் தொடாமல், காற்றிலேயே தடவிப் பார்த்தார்.

"இம்புட்டு நீளமாவா இருக்கு என் பேரு?"

"ஆமாக்கா."

"மிஷின நிப்பாட்டுனா இது எங்க போகும்?"

"எங்கயும் போகாதுக்கா. ஃப்ளாப்பித் தகட்டுல பதிஞ்சு வச்சிருக்கேன். நாளைக்கு வாங்க, திரும்ப வர வைக்கிறேன்."

"நாளைக்கு வாரப்ப என் தங்கச்சியவும் கூட்டியாரேன்" என்று ஒச்சாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அவ பேரு பாண்டியம்மாள். இதுல எந்தப் பேரு நீளம்னு பாத்துருவோம்."