அக்கா கீறி வைத்த வேகம்

அக்கா செத்துப்போய் ஒரு வருஷம் ஆனதும் அதே வீட்டுக்கு, அதே மாமாவுக்கு, என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். அக்காளின் சேலைகள் எனக்குச் சரியாகவே இருந்தன. மோதிரம் மட்டும் கொஞ்சம் பெரிசு, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். எனக்கு ஒத்துவராத ஒரே சாமான் அந்த கிராமபோன் பெட்டிதான்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பருத்தி அரைக்கிற பேக்டரியில் மாமாவுக்குப் பங்கு இருந்தது. அங்கே மிஷின் மாட்ட வந்த துரை, சீமைக்குத் திரும்பும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பிளேட்டுகளை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாப் பிளேட்டும் சேர்ந்து ஒரே பாட்டு. சிம்பொனி என்று மாமா சொல்லுவார். வாய்ப்பாட்டே கிடையாது, பிடிலும் குழலும் ஒரு கூட்டமாக வாசிக்கும். பாதியில் பிளேட் தீர்ந்துபோகும். திருப்பிப் போட்டு, சாவி கொடுத்து, மறுபடி ஊசியை வைக்க வேண்டும். அதில் இரண்டாவது பிளேட்டின் பின்பக்கம் மாமாவுக்கு உயிர்.

அக்கா ஆர்மோனியம் கற்றவள். கனத்த குரல் அவளுக்கு, நாலு கட்டைச் சுதி. பிளேட்டோடு சேர்ந்து பாட ஆசைப்பட்டாள். அதுவோ அஞ்சு கட்டையில் இருந்தது, அவள் குரலுக்கு மேலே. பெட்டியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னப் பித்தளைக் கம்பி உண்டு. வேகம் குறைந்தால் சுதியும் கூடவே இறங்கும். "பாட்டுன்னா பாடறவங்க சுதிக்குத்தானுங்க வரோணும்" என்று சொல்லி, கம்பியைத் தள்ளித் தள்ளி நாலு கட்டைக்கு இறக்கினாளாம். இறங்கி நின்ற இடத்தில் கம்மல் திருகைக் கழற்றிக் கம்பிக்கு அடியிலிருந்த தகட்டில் ஒரு கோடும் கீறிவிட்டாள். துரை கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். மாமாவுக்கு அது தப்பாகவே படவில்லை. எனக்கும்தான். கச்சேரிக்காரர்கள் ஆளுக்கொரு சுதியில்தானே பாடுகிறார்கள்?

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது பிளேட் அக்காளின் வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றில் கவலை இறைக்கிற மாடுகள் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பின்னாலேயே மெல்ல மெல்ல மேட்டுக்கு ஏறுமே, அந்த நடை. தினமும் விளக்கு வைத்ததும் மாமா கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். நான் நின்றுகொண்டு சாவி கொடுப்பேன்.

"மூத்தவ சாவி குடுத்தா சத்தமே கேக்காது" என்பார் மாமியார். "நீ என்ன கண்ணு, செக்கு ஆட்டறாப்புல ஆட்டற?"

ஒரு இடம் வரும்போது மாமா விரலைத் தூக்குவார். "இங்கதான் உங்கக்கா ஒரு இழுப்பு இழுப்பா."

"ஆமாங்க" என்பேன். வயிறு எரியும். அவள் நகையைப் போட்டுக்கொள்ளலாம், அவள் அடுப்பில் சமைக்கலாம். அந்த இழுப்பு வருகிற இடத்தில் நான் என்ன செய்ய முடியும்? அங்கே எனக்கு உட்கார இடம் இல்லை.

ஒருநாள் பெட்டியின் சுருள்வில் அறுந்துபோய்க் கோயமுத்தூருக்கு ரிப்பேருக்குப் போனது. திரும்பி வந்தபோது வில்லும் புதுசு, தகடும் பளபளவென்று இருந்தது. "துருவெல்லாம் தேச்சுப் புதுசாட்டப் பண்ணிப்போட்டனுங்க" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தேய்த்ததில் அக்காளின் கோடும் போய்விட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை முந்தானையால் வாயைப் பொத்தி மறைத்துக்கொண்டேன்.

மாமா பிளேட்டைப் போட்டார். பாட்டு அதன் சொந்த நடையில் கிளம்பிவிட்டது. அழுகையே இல்லை அதில். விடியக்காலம் பாரம் ஏற்றிச் சந்தைக்குப் போகிற வண்டிபோல, சலங்கை குலுங்க ஓடியது.

"இது அது இல்லியே!" என்று மாமா எழுந்தே விட்டார்.

கம்பியை இறக்கினார். பிடில்கள் எருமைபோல உறுமின. ஏற்றினார், சரியாக வரவில்லை. ஆர்மோனியத்தின் மேல் மூடியிருந்த துணியை எடுத்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தார். அவருக்குக் கேட்கத்தான் தெரியும், பிடிக்கத் தெரியாது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, உங்கக்கா சுதி உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"கொஞ்சம் பிடிச்சுக் காட்டு. நான் கம்பியைத் தள்ளிக்கறேன்."

தெரியாமலா? அவள் பக்கத்தில் படுத்து, அவள் சாதகம் கேட்டு வளர்ந்தவள் நான். வாயைத் திறந்தால் போதும், கோடு மறுபடி விழுந்துவிடும். என் தொண்டையாலேயே அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்தது போலாகும்.

"மாட்டனுங்க" என்றேன்.

அதுவரை அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதே இல்லை.

"ஏன்?"

"அது அக்காளுதுங்க. என்ற சுதி வேறங்க."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அட, உனக்குச் சுதியெல்லாம் உண்டா? எங்க, காட்டு பாக்கலாம்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு முனகினேன். எனக்குக் கீச்சுக் குரல், ஆறு கட்டை. நான் விடாமல் பிடித்திருக்க, அவர் கம்பியை மேலே மேலே தள்ளினார். பிளேட் ரேக்ளா பந்தயத்துக் காளைமாதிரி பிய்த்துக்கொண்டு ஓடியது. பிடில்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"ஏண்டா, அந்தப் பொட்டிக்குப் பேய் புடிச்சுருச்சா?" என்று சமையல்கட்டிலிருந்து மாமியார் கத்தினார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாமாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. அது சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை.

"ரெண்டு பேருதும் வேண்டாங் கண்ணு" என்றார். "கடைக்காரன் வெச்சாப்புல நடுவுலயே இருக்கட்டும். நீ ஏன் நிக்கற? உக்காரு."

பாயில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து பாட்டு அதன் நடையிலேயே ஓடியது. விரலைத் தூக்குவதையும் மாமா விட்டுவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு காலை, கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். துண்டு எடுத்துக்கொண்டு போனேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தன்னையறியாமல் முணுமுணுத்தார். நாலு கட்டை. மாடுகள் பின்னாலே ஏறுகிற அதே நடை. அந்த இடம் வந்ததும், அக்கா எப்படி இழுப்பாளோ அப்படியே ஓர் இழுப்பு.

"வந்துட்டியா? துண்டைக் குடு."

கொடுத்தேன். தள்ளிவிட அவர் தொண்டையில் பித்தளைக் கம்பி ஏதும் இல்லை.