விலை பேசாமல் விற்ற மீன்

எனக்க அக்கா மீன் விக்க உக்காந்தா கருங்கல் சந்தை முழுக்கக் கேக்கும். இனயம் கடற்கரையில இருந்து நாங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில அலுமினியச் சருவத்துல மீனோட வருவோம், பக்கத்துல பக்கத்துல இருந்து விப்போம். யாராவது செவுளைத் தூக்கிப் பாத்து, "இது நேத்தத்த மீனுல்லா?"ன்னு கேட்டா தீந்தது. "ஆமா, உங்க கல்யாணத்தன்னைக்குப் பிடிச்சது, உங்களுக்குன்னே வச்சிருந்தேன்"ன்னு ஆரம்பிச்சிருவா. கடைசியில அவங்க கேட்ட விலைக்கே கொடுத்து, மேல ரெண்டு சாளை மீனும் போட்டு அனுப்புவா. அந்தச் சண்டைதான் அவளுக்குச் சோறு.

மார்புல புற்றுக்கட்டி வந்து, ஆபரேஷன் பண்ணி, ஊசி போட ஆரம்பிச்சதும் முடியெல்லாம் கொட்டிப்போச்சு. வீட்டுல கெடக்க முடியாதுன்னு தலையில துணியைக் கட்டிக்கிட்டுச் சந்தைக்கு வந்தா. அன்னைக்கு ஒருத்தர்கூட விலை பேசல்ல. அவ சொன்னதைக் கொடுத்தாவ, செவுளைப் பாக்காமலே வாங்கிட்டுப் போனாவ. மத்தியானத்துக்கு முந்தியே சருவம் காலி. நான் ஒரு மடச்சி, சந்தோஷப்பட்டேன். திரும்பி வரும்போ அவ சொன்னா: "ஏட்டி, இன்னைக்கு எனக்க மீனை ஆரும் வாங்கல்ல. எனக்க சீக்கைத்தான் வாங்கினாவ."

அதுக்குப் பெறவு சுவரைப் பாத்துப் படுத்தவதான். கஞ்சி இறங்கல்ல, உறக்கமும் இல்ல. கட்டிக்கு மருந்து நல்லாக் கேக்குது, ஆனா மனசு சோந்து கெடக்கு, அதுவும் ஒரு சீக்குதான், அதுக்கும் மாத்திரை உண்டுன்னு டாக்டர் சொன்னாரு. அத்தான் அந்த மாத்திரையை அவளுக்குக் கொடுக்காம அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சாரு. ஊரு பைத்தியம்னு சொல்லுமாம்! ஜெபம் பண்ண வந்தவங்க, "நீ தைரியசாலியில்லா"ன்னு அவ தலையில கையை வச்சாவ. "தைரியம் எல்லாம் போதும், அவளைக் கொஞ்சம் அழ விடுங்க"ன்னு நான் கத்தினேன். எனக்கு வாய் கூடிப்போச்சுன்னு பேரு வந்ததுதான் மிச்சம்.

பாக்கி ஊசியை விட்டா கட்டி திரும்ப வந்திரும்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருந்தாரு. அடுத்த ஊசிக்கு வரமாட்டேன்னு அக்கா சொன்னதும் எனக்குப் பாதி உயிர் போச்சு. நேரே ஒரு டீச்சர் வீட்டுக்குப் போனேன். வருஷக்கணக்கா அக்காகிட்ட மல்லுக்கு நின்னு மீன் வாங்குறவங்க. "ஒரு தடவை பழையபடி சண்டை போடுங்க டீச்சரே"ன்னு கெஞ்சினேன். அக்காவையும் எப்படியோ சந்தைக்கு இழுத்துட்டு வந்தேன்.

டீச்சர் வந்தாவ. ஒரு அயிலை மீனைத் தூக்கிச் செவுளைப் பாத்து, "என்னது, நாறுதே?"ன்னாவ. அக்கா நிமிந்தா. "மூக்கைக் கழுவிட்டு வாங்க டீச்சரே!" அந்தக் குரலைக் கேட்டு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. டீச்சர் பதிலுக்கு வாயைத் திறந்தாவ. மீனைக் கையில வச்சுக்கிட்டே தேம்பித் தேம்பி அழுதுட்டாவ. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அக்கா எழும்பி, அவங்க கையில இருந்த மீனை வாங்கி வச்சுட்டு, முந்தானையால அவங்க கண்ணைத் துடைச்சுவிட்டா.

ஊசிக்குப் போற அன்னைக்குக் காலையில கார் வாசல்ல வந்து நிக்குது. நான் சேலையை எடுத்து வச்சு, அவளைத் திட்டி, காலைப் பிடிச்சு, எல்லாம் பாத்துட்டேன். அவ எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா:

"மக்கா, நீங்க எல்லாரும் எனக்கு அழுது முடிச்சாச்சு. இனி நான் பொழச்சு வந்து ஆருகூட இருக்க?"

காரைத் திருப்பி அனுப்பினோம். அடுத்த மழைக்கு முந்தி அவளை அடக்கம் பண்ணினோம்.