திருட்டுத் தீனி

நாற்பத்தொன்பதாவது வயதில்தான் எனக்குக் கோதுமை ஆகாது என்று தெரிந்தது. அதற்கு முந்தைய மூன்று வருடங்கள் அந்தக் கோதுமையைத்தான் மருந்தாக நினைத்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தால் முதல் வேலையாகச் சோற்றைப் பிடுங்கிவிடுவார்கள். எனக்கும் பிடுங்கினார்கள். ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்று வந்த அன்றே காலையில் கோதுமை ரவை உப்புமா, மத்தியானமும் ராத்திரியும் சப்பாத்தி என்று முடிவாகிவிட்டது. எருமப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் ஏற்கெனவே சப்பாத்திக் கட்சி. மத்தியானம் டிபன் பாக்ஸ்களைத் திறந்தால் எல்லாவற்றிலும் விறைத்துப்போன சப்பாத்திதான் இருக்கும். எதையும் ஆரம்பித்தால் ஒழுங்காகச் செய்கிற ஆள் நான். இதையும் ஒழுங்காகவே செய்தேன்.

ஆறே மாதத்தில் இளைத்துவிட்டேன். "டீச்சர், நல்லா இளைச்சிட்டீங்களே, என்னங்க டயட்டு?" என்று கேட்காத ஆளில்லை. எனக்கும் பெருமை தாங்கவில்லை. வயிறு சாயங்காலமானால் உப்பிக்கொள்வதையும், காலையில் பஸ் ஏறுவதற்குள் நான்கு முறை உள்ளே ஓடுவதையும், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருவதையும் யாரிடம் போய்ச் சொல்வது? ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் தின்றும் ரத்தம் ஏறவில்லை. இருபத்து நான்கு வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள், கரும்பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒன்பதாம் வகுப்பு மொத்தத்துக்கும் இம்போசிஷன் கொடுத்தேன். பாவம், பிள்ளைகள் என்ன செய்வார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் லாரியை விட்டு வீட்டோடு வந்திருந்தார். இருபத்தேழு வருடம் நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஓட்டினவர். முட்டி தேய்ந்துபோய், கிளட்ச் மிதிக்க முடியாமல் நிறுத்திக்கொண்டார். பேச்சு குறைவான மனிதர். வீட்டுக்கு வந்ததும் சமையலறையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட்ட கை. சோறு, முட்டைப் பொரியல், ரசம் இந்த மூன்றும் அவருக்கு வரும். ரசம் நன்றாகவே வரும். வடக்கத்தித் தண்ணீரில் வயிறு கெட்டால் நடுரோட்டில் டாக்டருக்கு எங்கே போவது? மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, பெருங்காயத்தைத் தாராளமாக அள்ளிப் போட்டு ஒரு ரசம் வைத்துக் குடித்தால் அடுத்த டோல்கேட்டுக்குள் சரியாகிவிடும் என்பார். அந்தப் பெருங்காயத்தை லாரியில் வைத்திருந்த அதே எவர்சில்வர் டப்பாவில்தான் வீட்டிலும் வைத்திருந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் கேட்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் ரசமோ, பெருங்காயம் கரைத்த மோரோ என் பக்கத்தில் வந்துவிடும்.

கடைசியில் மகள்தான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அம்மாபேட்டையில் வாக்கப்பட்டிருக்கிறாள். சேலத்தில் குடல் சம்பந்தமாகப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள். ரத்தம் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது, அதை என் உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது, அந்தச் சண்டையில் என் குடல்தான் அடிபட்டிருக்கிறது, அதனால்தான் தின்றது எதுவும் ஒட்டவில்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சீலியாக் என்று வியாதிக்குப் பெயர். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் இனி ஆயுசுக்கும் கூடாது.

"சோறு?" என்றேன்.

"அளவாச் சாப்பிடுங்க. ராகி, கம்பு, சோளம் எல்லாம் சாப்பிடலாம்."

எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வியாதியைச் சொல்லி அனுப்பியதற்குச் சந்தோஷப்பட்டு வெளியே வந்த ஆள் அந்த ஆஸ்பத்திரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கினார். நெய் விட்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அளவு என்று டாக்டரம்மா சொன்னதை மறுநாளிலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கோதுமையை விடுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஊருக்குப் புரியவைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. "கோதுமைதான ஆகாது? மைதா பரோட்டா சாப்பிடலாமில்லீங்க?" என்று கேட்டார் எங்கள் அறிவியல் டீச்சர். அறிவியல் டீச்சர்! ரவை என்பது ரவைச் செடியில் காய்ப்பதாக நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் பூரியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணுதானுங்க, என்ன ஆயிரப் போவுது" என்று துரத்துவார்கள். நான் கடையில் வாங்கிய எல்லாப் பாக்கெட்டின் முதுகையும் திருப்பிப் படித்தேன். சாம்பார்ப்பொடி, சேமியா, சாக்லேட், இருமல் மிட்டாய் ஒன்றையும் விடவில்லை. ராகிக் களி, சந்தகை, கம்மஞ்சோறு என்று நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் வயிறு பாதிதான் சரியானது. ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, ரத்தத்தில் அந்தச் சண்டையைக் காட்டுகிற எண் இறங்கவே இல்லை. டாக்டரம்மா காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கியோ கோதுமை உள்ள போயிட்டிருக்கும்மா. வெளிய எங்கயாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க."

"அம்மாவுக்கு டீயோட எதாச்சும் கடிக்கோணும் டாக்டர்," என்றாள் என் அருமை மகள். "பேக்கரியக் கண்டா விட மாட்டாங்க. எங்ககிட்டச் சொல்லாம தின்னுட்டுத்தான் இருப்பாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்ற மகள், மூன்றாம் மனுஷி முன்னால் என்னைத் திருடி என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நிஜமாவே சாப்பிடலைன்னா, இது பத்தியத்துக்கு அடங்காத வகைன்னு அர்த்தம். அதுக்கு வேற மாத்திரை இருக்கு, கொஞ்சம் கடுமையான மாத்திரை. சர்க்கரையைக் கிளப்பி விடும், எலும்பையும் பாதிக்கும். நீங்க உண்மையச் சொன்னாத்தான் நான் முடிவு பண்ண முடியும்."

அப்போதுதான், ஆஸ்பத்திரிக்கு வந்தால் வாயே திறக்காத என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"என்ற சம்சாரம் அப்படித் திருட்டுத்தனமா திங்கிற ஆளு இல்லீங்க டாக்டரம்மா. வேற என்னமோ இருக்குதுங்க. சித்தப் பொறுத்துப் பாருங்க."

டாக்டரம்மா மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் எண் இறங்காவிட்டால் அந்த மாத்திரைதான்.

மகள் வீட்டுக்கு வந்து அலமாரி, பீரோ, என் கைப்பை வரை சோதனை போட்டாள். பரீட்சையில் பிட்டு வைத்திருக்கிறார்களா என்று நான் பிள்ளைகளைச் சோதிக்கிற மாதிரியே இருந்தது. கைப்பையில் கிடைத்ததெல்லாம் சாக்பீஸ்தான். என் வீட்டுக்காரரோ எனக்கு உடம்பு தேறட்டும் என்று ரசத்தை இரண்டு வேளையாக்கினார். எனக்கு வலி கூடியது. வலி கூடக் கூட அவர் பெருங்காயத்தைக் கூட்டினார்.

ஒரு நாள் பெருங்காயம் தீரப்போகிறது, வரும்போது வாங்கி வா என்றார். பள்ளி விட்டதும் எருமப்பட்டிக் கடையில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பழக்க தோஷம், டப்பாவைத் திருப்பிப் படித்தேன். கூட்டுப் பெருங்காயம். அதன் கீழே பொடி எழுத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று போட்டிருந்தது. பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். மூன்று முறை படித்தேன். வீட்டில் எத்தனையோ டப்பாவின் முதுகைத் திருப்பின எனக்கு இதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. அவர் வாங்கி வந்ததும் அதை எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிடுவார். தவிர, வயிற்று வலிக்குக் கொடுக்கிற மருந்தை யார் சந்தேகப்படுவார்கள்?

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், பச்சைச் சந்தோஷம். நான் பொய்க்காரி இல்லை. மகளிடம் இந்த டப்பாவைக் காட்டி என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசை போட்டேன். இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் இதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது உறைத்தது.

பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் அடுப்பில் புளித்தண்ணீரை ஏற்றிவிட்டுக் கையை நீட்டினார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "இதுல முக்காவாசி கோதுமையாமுங்க! நீங்களே இத்தன நாளா கரைச்சுக் கரைச்சு ஊத்திட்டீங்க!" என்று கத்திவிட்டேன். முக்கால்வாசி என்று அதில் எங்கேயும் போடவில்லை. கோபத்தில் கணக்கு டீச்சருக்கும் கணக்குத் தப்பும்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார். அடுப்பை அணைத்தார். "நானே வெஷம் வெச்சிருக்கறேன் புள்ள," என்று மட்டும் சொன்னார். எவர்சில்வர் டப்பாவை எடுத்துப்போய்த் தென்னை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நான் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. பிறகும் சமைத்தார், ஆனால் ஒவ்வொன்றையும், "இது போடலாமா? இது போடலாமா?" என்று கேட்டுக் கேட்டு, உப்புக்குக்கூட உத்தரவு வாங்கிக்கொண்டு சமைத்தார். அந்த ரசத்தில் ருசியே இல்லை.

வலி மூன்று வாரத்தில் விட்டது. டாக்டரம்மாவுக்குப் போனில் விவரம் சொன்னோம். தவணை முடிந்து சேலம் போனபோது எண் நன்றாக இறங்கியிருந்தது, ரத்தமும் ஏறியிருந்தது. கடுமையான மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. "நீங்கதாங்க சரியாச் சொன்னீங்க," என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் ஸ்டாண்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உன்னையப் போயி அப்படிச் சொல்லிட்டேனே, மன்னிச்சுக்க," என்று கண் கலங்கினாள். எத்தனை மாதமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை! அது காதில் விழுந்தபோது எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

ஏனென்றால் நான் தின்றிருந்தேன்.

ஒரே ஒரு முறை. பத்தியம் ஆரம்பித்த நான்காம் மாதம், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் ஒன்றையும் தொட முடியாமல் திரும்பி வந்தபோது, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பசி கண்ணை மறைத்தது. அவர் பழம் வாங்கப் போயிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று ஒரு முட்டை பப்ஸை நான்கே வாயில் முடித்தேன். அதைத்தான் டாக்டரம்மாவிடம் இல்லீங்க என்று சாதித்தேன்.

நாமக்கல் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் இன்னும் தெளியவில்லை. இந்த மனிதர் எனக்காக எழுந்து நின்று பேசிவிட்டு, பழியையும் தானே சுமந்துகொண்டிருக்கிறாரே என்று இருந்தது. தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, நானும் ஒருவாட்டி தின்னேனுங்க. பப்ஸு. நீங்க பழம் வாங்கப் போயிருந்தப்ப."

"தெரியும்," என்றார்.

"என்னது?"

"அன்னிக்கு பஸ்ல நீ தூங்கிட்டே. முந்தானையெல்லாம் தூள் தூளா உதுந்து கெடந்துச்சு. நாந்தான் தட்டி உட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா டாக்டரம்மாகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "ஒரு பப்ஸுக்கு மாசக்கணக்குல வவுறு வலிக்குமா அம்மிணி? வேற என்னமோ இருக்குதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அந்த என்னமோ நாந்தான்னு மட்டுந்தான் தெரியல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அங்க அத்தன பேரும் உன்னையப் பொய்க்காரின்னாங்க. நானும் சொல்லிப்போட்டா, நீ ஆருகிட்டப் போவ?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். அவர் பதறிப்போய், "வவுறு வலிக்குதா?" என்று கேட்டார்.