ஒரு வீடு, மூன்று சர்நேம்

சென்ற வாரம் மனைவியை வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். இரத்தப் பரிசோதனையும் அங்கேதான் செய்திருந்தோம். டொக்டரின் கம்ப்யூட்டரிலோ ரிப்போர்ட் இல்லை. லாபில் கேட்டால், அனுப்பியாயிற்றாம்.

விஷயம் என்ன தெரியுமா? டொக்டரைச் சனல் பண்ணிய, அதாவது பார்க்க நேரம் பதிந்த, இடத்தில் அவள் ‘பரமேஸ்வரி சிவபாலன்’. லாபில் ‘சிவபாலன் பரமேஸ்வரி’. ஒருத்தியைக் கம்ப்யூட்டர் இரண்டு பேராக்கிவிட்டது. ரிப்போர்ட்டோடு ஒருத்தி, நோயோடு ஒருத்தி...

வீட்டில் மகள் வித்யாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

பம்பலப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வேறொரு கிளினிக்கின் பெரிய மென்பொருளைப் பிரித்து, சனலுக்கு ஒன்று, லாபுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சேவைகளாக்குகிறார்களாம். ஒன்றையொன்று கேட்டு வேலை செய்யுமாம். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரை மட்டும் படித்தவன் — இவ்வளவு விளங்கியதே கடவுள் செயல்.

மறுநாள் வீட்டிலிருந்தே லப்டொப்பில் மீட்டிங். உடனே சேவைகளைக் கட்டத் தொடங்கவேண்டும் என்று மேலாளர். தரவைச் சீராக்காமல் தொடங்கக்கூடாது என்று இவள். புதுப் பிள்ளை எதிர்த்துக் கதைத்தால் அந்த வேலையிலிருந்தே எடுத்துவிடுவார்களே! தேவாரம் பாதியில் நிற்க, சாமியறையிலிருந்து காது கொடுத்தேன்.

“டேட்டாவைப் பிறகு பாப்பம், தங்கச்சி,” என்றார் மேலாளர்.

“பிறகு ஏலாது அண்ணா. நோயாளி எண்டா ஆர் எண்டு முதல்ல மூண்டு சேவைக்கும் ஒரே மாதிரித் தெரிய வேணும். எங்கட வீட்டையே பாருங்கோ. அப்பா கந்தையா சிவபாலன். அம்மா சிவபாலன் பரமேஸ்வரி. நான் சிவபாலன் வித்யா. கடைசிப் பேர்தான் சர்நேம் எண்டா, மூண்டு குடும்பம் ஒரு வீட்டில வாடகைக்கு இருக்கினம் எண்டெல்லோ உங்கட சிஸ்டம் சொல்லும்?”

நான் சாமியறைக் கதவருகில் வந்து நின்றேன்.

லப்டொப்பிலிருந்து மேலாளரின் சிரிப்பு. அவருடைய வீட்டிலும் அதே கதையாம்! தரவை ஒழுங்குபடுத்திய பிறகுதான் சேவைகள் என்றார். அந்தப் பொறுப்பையும் வித்யாவிடமே கொடுத்தார்.

எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கிளினிக்குக்குப் போவார்கள்? அவர்கள் ரிப்போர்ட் அவர்களிடமே வந்து சேரும். ஏனென்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இந்தப் பெருமையை எங்கே இறக்கி வைப்பது?

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் வித்யாவின் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் கேட்டது பெயரும் நட்சத்திரமும் மட்டுமே.

பிள்ளையாருக்குச் சர்நேம் தேவைப்படுவதில்லை — அவருடைய தரவு எப்போதோ சரியாகிவிட்டது!